பொரிக்காத புட்டிகள்

முட்டைக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்து நாலே நாள் ஆன ஒரு பெண், ஐந்து தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசற்படியில் கால் தடுக்கியது. அத்தனையும் போயிற்று. வெள்ளையும் மஞ்சளுமாகத் தரையெல்லாம் ஓடியது. மேஸ்திரி தன் அறையிலிருந்து எழுந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்து இருட்டறையிலிருந்து அக்கா வெளியே வந்தாள். பார்த்தாள். நேராக நடந்து, அந்த முட்டைக் குழம்பின் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"நான்தான் இடிச்சுட்டேன். விளக்கையே பாத்துட்டு வெளிய வந்தா கண்ணு தெரியறதில்ல. இந்தப் பொண்ணு பாவம், ஒதுங்கத்தான் பாத்துச்சு" என்றாள், மேஸ்திரி வாய் திறப்பதற்குள்.

"முட்டை ஓட்டுல இருக்கிற மசிரளவு விரிசல் உங்களுக்குத் தெரியுது. எதிர்ல ஒரு ஆள் வர்றது தெரியலியா?"

"வயசாச்சுல்ல."

எல்லார் முன்னாலும் அன்று மேஸ்திரி அவளை வறுத்தெடுத்தார். அக்கா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பிறகு வாளியும் துணியும் எடுத்துவந்து தானே துடைத்தாள். அந்தப் பெண்ணிடம் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. 'புதுசு' என்று கிடங்கில் அந்தப் பெண்ணுக்குப் பேர் விழுந்து ஆறு வருஷம் ஆகியும், அந்தப் பேச்சு வெளியே வரவில்லை.

அக்காவுக்கு இருட்டறையில்தான் வேலை. ஒரு தகரப் பெட்டி, அதற்குள் விளக்கு, மேலே முட்டை உட்காரும் அளவுக்கு ஒரு ஓட்டை. முட்டையை அதில் வைத்து விரலால் ஒரு சுழற்று. விரிசலா, இரத்தப் புள்ளியா, நாள்பட்டதா, எல்லாம் அந்த ஒரு சுழற்றில் தெரிந்துவிடும். இருபத்தேழு வருஷமாகச் சுழற்றினாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை குட்டி கிடையாது. தம்பி வீட்டு மாடியறையில் இருந்தாள். தம்பி கூப்பிட்ட மாதிரியே தெருவும் கிடங்கும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டன. மேஸ்திரிக்கும் அக்கா, மேஸ்திரியின் மகளுக்கும் அக்கா.

விரிசல் விட்ட முட்டையை விற்க முடியாது. சாயங்காலம் வேலைக்காரர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். அக்கா எப்போதும் கடைசியாகத்தான் கை நீட்டுவாள். அப்போது மிஞ்சுவது ஒழுகும் முட்டைதான். அதை வீடுவரை கொண்டுபோக வழியில்லை. ஒரு டம்ளரில் உடைத்து ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரே மடக்காகப் பச்சையாய்க் குடித்துவிடுவாள். கடவுள் கொடுத்ததைக் கீழே கொட்டக் கூடாது என்பது அவள் எண்ணம்.

தம்பி மருந்துக்கடை வைத்திருந்தான். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னக் கடை. ஆனால் அந்த வட்டாரத்துக்கே அவன்தான் அரை டாக்டர். இருமலா, சீதபேதியா, காதுவலியா, டாக்டர் சீட்டு இல்லாமல் வந்தாலும் முகத்தைப் பார்த்து மருந்து கொடுப்பான். பெரும்பாலும் கேட்கவும் செய்தது. அதனால் அவனுக்கே தன்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

புதுசு சேர்ந்த ஆறாம் வருஷம் மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்து, கிருமி மாத்திரை என்று தெருவில் சொல்லும் ஆன்டிபயாடிக்கைச் சீட்டில்லாமல் விற்றதைக் கையும் களவுமாகப் பிடித்தார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா எழுதிக்கிட்டு நிக்க மாட்டேன். நேரா பூட்டுதான்" என்று சொல்லி, எச்சரிக்கைத் தாள் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தாளைத் தம்பி கடைக்குள்ளேயே, கண்ணில் படாத இடமாக, இருமல் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்தான். கண்ணில் படாவிட்டாலும் அது அங்கேயே இருந்தது.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது அதற்கு அடுத்த மாதம். அதற்கு முன்னால் ரெண்டு நாள் வயிற்றுப்போக்கு. அது நின்றுபோய், சாயங்காலமானால் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. ரெண்டு போர்வை போட்டும் பல்லு கிடுகிடுவென்று ஆடியது.

"டாக்டர்கிட்ட போலாமாக்கா?"

"உன் கடையில இல்லாத மருந்தா அங்க இருக்கு? ஏதாவது குடுடா, காலையில வேலைக்குப் போகணும்."

அவன் கிருமி மாத்திரை ஒரு பட்டை கொடுத்தான். அஞ்சு நாளைக்கு. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரையையும் அக்கா விட்டாள். பத்து நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. மறுபடியும் அதே மாத்திரை, மறுபடியும் விட்டது. மூன்றாம் தடவை வந்தபோது கூடவே ஒரு முதுகுவலியும் வந்தது. அடிவயிற்றில் ஆரம்பித்து முதுகைத் துளைத்துக்கொண்டு போகிற வலி.

"இருபத்தேழு வருஷமா கூன் போட்டு உக்காந்தா முதுகு வலிக்காம என்ன பண்ணும்?" என்றாள் தம்பி மனைவி. அதையே எல்லாரும் நம்பினார்கள். முதுகுக்கு ஒரு தைலமும் காய்ச்சலுக்கு இன்னொரு பட்டையும் ஆயிற்று. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி வேறு. ஆறு வாரத்தில் ஆள் பாதியானாள். கழுத்து எலும்பு தெரிந்தது. அப்புறம்தான் தம்பி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்று காலை வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுகூட, சட்டைப் பையிலிருந்த பட்டையில் ஒன்றைப் பிய்த்து அவள் கையில் வைத்தான். அவள் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். பட்டையில் மிச்சம் ஒன்று இருந்தது.

டாக்டரம்மா நிதானமானவர். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படம் வந்ததும் அதை ஒரு விளக்குப் பலகையில் மாட்டி உற்றுப் பார்த்தார். அக்காவுக்கு அதுவரை இருந்த பயம் அங்கேயே போய்விட்டது.

"எங்க கிடங்குல பண்ற மாதிரியே பண்றாங்கடா" என்றாள் தம்பியிடம்.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இருதயத்திலிருந்து ஒரு பெரிய இரத்தக் குழாய் கிளம்பி, முதுகெலும்பை ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் இறங்குகிறது. உடம்பிலேயே பெரிய குழாய் அதுதான். அதன் சுவர் ஓரிடத்தில் தடித்து, வீங்கி, சுற்றிலும் கலங்கலாக இருக்கிறது.

"இது ரெண்டு காரணத்தால வரலாம். ஒண்ணு, கிருமி. வேற எங்கயோ உடம்புக்குள்ள நுழைஞ்சு, இரத்தத்தோட போய், குழாய்ச் சுவர்ல சொரசொரன்னு இருக்கிற இடத்துல ஒட்டிக்கும். இன்னொண்ணு, கிருமியே இல்லாம உடம்பு தன்னையே தாக்கிக்கிறது. ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். கிருமின்னா அதைக் கொல்லற மருந்தை வாரக்கணக்கா ஊசியில ஏத்தணும், ஆபரேஷன் வரைக்கும் போகலாம். மத்ததுன்னா ஸ்டீராய்டு குடுத்து உடம்போட சண்டையை அடக்கணும். கிருமி இருக்கிற ஆளுக்கு ஸ்டீராய்டு குடுத்துட்டா, காவல்காரனைக் கட்டிப்போட்டுட்டுத் திருடனைத் திறந்துவிட்ட மாதிரி. அதனாலதான் கேக்கறேன். இந்தக் காய்ச்சலுக்கு ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"இல்லம்மா. வெறும் காய்ச்சல் மாத்திரைதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு மாத்திரை போட்டிருந்தாலும் கிருமி செத்துடாது, மயங்கிக் கிடக்கும். பரிசோதனையில வளராது."

"இல்லம்மா."

தம்பி கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டைப் பையில் பட்டை இருந்தது. நெஞ்சுக்கு நேராக இருந்தது. அவன் வாய் திறக்கவில்லை.

ரெண்டு கையிலும் மாற்றி மாற்றி மூன்று தடவை இரத்தம் எடுத்து, ஆறு புட்டியில் ஊற்றினார்கள். இரத்தம் எடுத்த பெண்ணிடம் அக்கா கதை கேட்டாள்.

"இதை என்னம்மா பண்ணுவீங்க?"

"சூடான பெட்டியில வச்சிருப்போம் அக்கா. கிருமி இருந்தா அஞ்சு நாளுக்குள்ள வளந்துடும்."

"அடைகாக்கிறீங்களா!" அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க கோழி இருபத்தோரு நாள் எடுத்துக்கும். உங்க பெட்டி கெட்டிக்காரப் பெட்டிதான்."

அந்தப் பெண் போனதும் தம்பியின் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆறும் கூமுட்டைடா. நீ ஒண்ணும் பயப்படாத."

அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் நல்லவள்தான். ரெண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடையை நம்பி இருந்தவள்.

"அண்ணியே இல்லேன்னு சொல்லிட்டாங்கல்ல. நீங்க எதுக்கு உளறிக் கொட்டறீங்க? ஆஸ்பத்திரியில எழுதுவாங்க, எழுதினது அந்த ஆபீசருக்குப் போகும். கடை போனா அண்ணிக்கு யாருங்க மருந்து வாங்கித் தர்றது?"

அது அவனுக்கு நியாயமாகத்தான் பட்டது. வேண்டியது நியாயமாகப் படுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

ஐந்தாம் நாள் ஆறு புட்டியிலும் ஒன்றும் வளரவில்லை. டாக்டரம்மா முடிவு சொல்லவில்லை. இன்னும் ஒரு வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார். காசநோய்க்குப் பார்த்தார், மேகநோய்க்குப் பார்த்தார், இருதயத்தின் கதவுகளைப் படம் எடுத்துப் பார்த்தார். எதிலும் பிடி கிடைக்கவில்லை. திரும்பவும் வந்து அதே கேள்வியைக் கேட்டார். அக்கா அதே பதிலைச் சொன்னாள். ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்புகிற அன்று மூன்றாம் தடவையும் கேட்டார்.

"என்னம்மா, போலீஸ்காரங்க மாதிரி கேக்கறீங்க" என்று அக்கா சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். தம்பியும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் பின்னால் அவனால் மன்னிக்க முடியவில்லை.

மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் அக்காவுக்குப் பசி வந்தது. வலி குறைந்தது. முகம் பூரித்தது. "பாத்தியா, என் பொய்யும் ஒரு மருந்துதான்" என்றாள். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். கிருமியாக இருந்தால் இப்படித் தேறுவாளா? டாக்டரம்மா சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். தான் கொடுத்த மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாடியறைக் கதவுக்கு வெளியே நின்று, நாள் தவறாமல் கடவுளுக்கு நன்றி சொன்னான். உண்மையைச் சொல்லும் தைரியத்தைக் கொடு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயம்.

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் அக்கா கிடங்குக்குப் போனாள். பத்து நாள் போனாள். பதினோராம் நாள் மத்தியானம், இருட்டறையில் முட்டை ஒன்றைச் சுழற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜைமேல் கவிழ்ந்தாள். கையிலிருந்த முட்டையை உடையாமல் தட்டில் வைத்துவிட்டுத்தான் கவிழ்ந்தாள் என்று புதுசு சொன்னாள். அவள்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இந்தத் தடவை படத்தில், தடித்திருந்த சுவரின் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் பிதுங்கியிருந்தது. டாக்டரம்மா ரெண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

வராந்தாவில் புதுசு அழுதுகொண்டிருந்தாள். தம்பி அவளுக்கு ஆறுதல் சொல்லப் போனான். அவள்தான் அப்போது அந்த ஐந்து தட்டுக் கதையைச் சொன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல அண்ணே. தானா வந்து நின்னுச்சு. நான்தான் போட்டேன்னு நான் சொல்லியிருக்கணும். வாய் வரல. அது திட்டு வாங்குறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். ஆறு வருஷமாச்சு. இப்பவும் அந்த வாசப்படியைத் தாண்டும்போது கூசுது."

அவன் எழுந்து நேராக டாக்டரம்மா அறைக்குப் போனான். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. சட்டை மாறினாலும் பையை விட்டு மாறாத அந்தப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தான். மூலையில் ஒரே ஒரு மாத்திரை இருந்தது.

"நான்தான் குடுத்தேன். மூணு தடவை. இங்க வந்த அன்னிக்குக் காலையிலயும் குடுத்தேன்."

டாக்டரம்மா பட்டையைத் திருப்பிப் பார்த்தார். சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். விரல் பின்னோக்கிப் போயிற்று.

"ஏன் சொல்லல?"

"கடைக்குப் பூட்டுப் போட்டுடுவாங்கன்னு..."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு தடவை கேட்டேன்" என்றார் மெதுவாக. "மூணு தடவையும் அவங்க உங்களைப் பாத்துட்டுத்தான் பதில் சொன்னாங்க. நான் உங்களைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்."

அன்றே மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் ஆறு புட்டி. இப்போது உள்ளே மருந்து இல்லை. அடக்கி வைக்க உடம்பில் காவலும் இல்லை. மறுநாளே எல்லாப் புட்டியிலும் கிருமி பொங்கியது. முட்டையிலும் கோழியிலும் இருக்கிற கிருமி என்றார் டாக்டரம்மா. மற்றவர்களுக்கு ரெண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும். சர்க்கரை உள்ள, வயதான, குழாய்ச் சுவர் தேய்ந்த ஆளுக்கு மட்டும் இப்படி உள்ளே போய்க் குடியேறிவிடும். ஓட்டு விரிசல் வழியாகக்கூட முட்டைக்குள் போகும்.

தம்பிக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. அதையும் அவன் அறிந்தேதான் இருந்தான்.

ஊசி மருந்து ஏற ஆரம்பித்தது. ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆனால் பிதுங்கல் நிற்கவில்லை. அறுவை டாக்டர் வந்து, அழுகின பகுதியை வெட்டி எடுத்துவிட்டு அங்கே செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும், தாமதித்தால் உள்ளேயே வெடித்துவிடும் என்றார். ஒரு மாதம் முன்னால் என்றால் சுவர் கெட்டியாக இருந்திருக்கும் என்பதையும் சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. சும்மாதான் சொன்னார்.

ஆபரேஷன் அன்று காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு அறுவை டாக்டர் வெளியே வந்து, தலையிலிருந்த துணியைக் கழற்றினார். "சுவர் ஊறிப்போன காகிதம் மாதிரி இருந்துச்சு. தையல் நிக்கல" என்றார். அவ்வளவுதான். அக்கா போய்விட்டாள். கிடங்கில் அன்று யாரும் அந்த விளக்கை ஏற்றவில்லை. மறுநாள் ஏற்றினார்கள். புதுசு உட்கார்ந்தாள்.

கடைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து யாருக்கும் எதுவும் எழுதவில்லை. டாக்டரம்மா அந்தப் பட்டையைத் திருப்பிக் கொடுக்காமல், நோயாளியின் தாள்களோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். தம்பி எழுந்து நின்றான். அவர் உள்ளே பார்க்கவில்லை. கல்லாமேல் கையை ஊன்றிக்கொண்டு, "வீட்ல அவளுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். அந்த கிருமி மாத்திரை ஒரு பட்டை குடுங்க" என்றார்.

"சீட்டு வேணும் சார்."

"எனக்கேவா?" ஆய்வாளர் சிரித்தார். "அப்புறம் எழுதி வாங்கித் தர்றேன்யா."

"முதல்ல இரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்லுங்க சார். இதைப் போட்டுட்டுப் போனா ஒண்ணும் தெரியாது."

"நேத்து வரைக்கும் எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தவன்தானே நீ?" என்று சொல்லிவிட்டு, அவர் எதிர்க் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு போனார். இந்த ஆய்வாளருக்குப் பயந்துதான் அன்று ஊமையாக நின்றோம் என்று தம்பி நினைத்துக்கொள்ளவில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது. அவர் வெறும் சாக்குதான். நின்றது அவன்.

அதற்குப் பிறகு சீட்டில்லாமல் ஒரு மாத்திரை அவன் விற்றதில்லை. வியாபாரம் படுத்துவிட்டது. "மனுஷன் மாறிட்டான், தலைக்கனம் ஏறிடுச்சு" என்று தெருவில் பேசினார்கள். மனைவி வீட்டுச் செலவைச் சுருக்கிக்கொண்டாள். அவளுக்கும் அந்தக் கூமுட்டைப் பேச்சு தெரியும்.

அவனைத் தின்றுகொண்டிருந்தது வேறு. அன்று காலை, ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுகட்டிலை ஒரு நிமிஷம் நிறுத்தியிருந்தார்கள். அக்காவின் கையில் மருந்துக் குழாய். தலையில் பச்சைத் துணிக் குல்லாய். அவன் குனிந்து, "எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. மாத்திரை குடுத்ததைச் சொல்லிட்டேன்" என்றான். அதைச் சொன்னால் தன் மனசு லேசாகும் என்று நினைத்தான்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. முதன்முதலாக அவளுக்கு அவன்மேல் கோபம் வந்தது. "ஏன்டா சொன்ன? நான்தான் இல்லேன்னு சொல்லியிருந்தேன்ல. அந்த டாக்டரம்மா முகத்துல இனி நான் எப்படி முழிக்கிறது?"

கட்டிலைத் தள்ளுகிறவர் காலால் பிரேக்கை எடுத்தார். கதவு திறந்தது. அக்கா அவசர அவசரமாக அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் இன்னும் பலம் இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முட்டையைச் சுழற்றும்போது யோசிப்பாளே, அப்படி ஒரு நொடி யோசித்தாள். வழி கிடைத்துவிட்ட மாதிரி முகம் தெளிந்தது.

"ஒண்ணும் குடி முழுகிப் போகல. யாராவது கேட்டா, நான்தான் உனக்குத் தெரியாம கடையில எடுத்துத் தின்னேன்னு சொல்லிடு. நான் வந்து ஆமான்னு சொல்றேன்."